ஊசி குத்தாமல் ஒரு வைரஸ் தேடல்: பியாட்ரிஸ் ஹானின் ஆய்வு வாழ்க்கை

1985-இல் அமெரிக்காவின் நியூ மெக்சிகோவில் ஒரு பெண் சிம்பன்சி இறந்துபோனது. பெயர் மர்லின், வயது 26. குட்டியாக இருந்தபோது ஆப்பிரிக்கக் காட்டில் பிடிபட்டு, விமானப்படையின் ஹாலோமன் தளத்துக்கு வந்து சேர்ந்த விலங்கு அது. மனிதர்களை விண்வெளிக்கு அனுப்பும் முன் சிம்பன்சிகளைப் பழக்கி அனுப்பிப் பார்த்த தளம் அது. மர்லினை இனப்பெருக்கத்துக்காக வைத்திருந்தார்கள். கடைசிப் பிரசவத்தில் இரட்டைக் குட்டிகள் இறந்தே பிறந்தன. தாயும் பிழைக்கவில்லை.

அந்த ஆண்டு அங்கிருந்த 98 சிம்பன்சிகளின் ரத்தத்தைச் சோதித்திருந்தார்கள். மர்லினின் ரத்தத்தில் மட்டும் எச்ஐவி வைரஸை அடையாளம் காணும் ஆன்டிபாடிகள் இருந்தன. எய்ட்ஸ் ஆய்வு எதற்கும் மர்லினைப் பயன்படுத்தியதே இல்லை. அப்படியானால் அந்தத் தொற்று எங்கிருந்து வந்தது? அன்றைக்கு யாராலும் சொல்ல முடியவில்லை. உடற்கூறாய்வில் எடுத்த திசுக்கள் ஃப்ரீசருக்குள் போய், பத்து ஆண்டுகளுக்கு மேல் அங்கேயே கிடந்தன. தொண்ணூறுகளின் பிற்பகுதியில் தேசியப் புற்றுநோய் நிறுவனத்தைச் சேர்ந்த லாரி ஆர்தர் மூலமாக, அலபாமா பல்கலைக்கழகத்தில் இருந்த மருத்துவ ஆராய்ச்சியாளர் பியாட்ரிஸ் ஹானிடம் அவை வந்து சேர்ந்தன.

மனிதனுக்கு வந்த இரண்டு பெரிய நோய்கள், எய்ட்ஸும் மலேரியாவும், எந்த விலங்கிடமிருந்து வந்தன என்ற கேள்விக்கு இன்று நம்மிடம் இருக்கும் பதிலில் பெரும்பங்கு ஹானுடையது. அவருடைய திறமைக்கு இணையாக அவர் தேர்ந்தெடுத்த முறையும் இதற்குக் காரணம் என்று நினைக்கிறேன். விலங்கைப் பிடிக்காமல், மயக்காமல், ஊசி குத்தாமல் அதன் நோயைப் படிப்பது எப்படி என்று அவர் யோசித்த இடத்தில்தான் எல்லாம் திரும்பியது. ஆகவே இந்தக் கட்டுரையில் அந்தப் பகுதிக்குக் கூடுதல் இடம் கொடுத்திருக்கிறேன்.

மருத்துவரிலிருந்து வைரஸ் ஆய்வுக்கு

ஹான் ஜெர்மனியில் 1955-இல் பிறந்தவர். மியூனிக் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தில் மருத்துவம் படித்து 1981-இல் பட்டம் பெற்றார். அமெரிக்காவில் இளைஞர்கள் சிலருக்கு விளங்காத ஒரு நோய் வந்து எதிர்ப்புச் சக்தி அழிந்துபோகிறது என்ற முதல் அறிக்கை வெளியானதும் அதே 1981-இல்தான். அடுத்த ஆண்டே அவர் அமெரிக்காவுக்குப் போய், தேசியப் புற்றுநோய் நிறுவனத்தில் ராபர்ட் காலோவின் ஆய்வகத்தில் சேர்ந்தார்.

எய்ட்ஸை உண்டாக்குவது எது என்று உலகமே தேடிக்கொண்டிருந்த காலம் அது. 1983-இல் பாரிஸின் பாஸ்டர் நிறுவனத்தார் வைரஸைப் பிரித்தெடுத்தார்கள். 1984-இல் காலோவின் குழு, நோய்க்குக் காரணம் இந்த வைரஸ்தான் என்பதற்கான சான்றுகளைக் குவித்தது. அந்த ஆண்டின் இறுதியில் வைரஸின் மரபணுத் தொகுதியை முழுதாகப் பிரதியெடுத்து விவரித்த கட்டுரை ‘நேச்சர்’ இதழில் வந்தபோது, முதல் ஆசிரியராக ஹானின் பெயர் இருந்தது. வயது முப்பதைத் தொடவில்லை.

அதற்கடுத்த கண்டுபிடிப்பு அவருடைய பிற்காலத்துக்கே வழி போட்டது. ஒரே நோயாளியின் உடலுக்குள்ளேயே இந்த வைரஸ் காலப்போக்கில் மாறிக்கொண்டே இருக்கிறது என்று 1986-இல் அவரும் சக ஆய்வாளர்களும் காட்டினார்கள். மாறிக்கொண்டே இருக்கும் ஒன்றுக்குப் பரம்பரை உண்டு. எது எதிலிருந்து பிரிந்தது என்று மரபெழுத்துகளை ஒப்பிட்டு ஒரு குடிவழி மரம் வரைந்துவிட முடியும். 1985-இல் ஹானும் அவருடைய வாழ்க்கைத்துணையும் சக ஆய்வாளருமான ஜார்ஜ் ஷாவும் அலபாமா பல்கலைக்கழகத்துக்கு இடம் மாறினார்கள். அந்தக் குடிவழி மரத்தின் அடிவேரைத் தேடும் வேலை அங்கேதான் வளர்ந்தது.

நான்கே நான்கு வைரஸ்கள்

எண்பதுகளின் கடைசியில் ஒரு விஷயம் தெளிவாகியிருந்தது. ஆப்பிரிக்கக் குரங்குகள் பலவற்றில் எச்ஐவியின் உறவுக்கார வைரஸ்கள் இருக்கின்றன. இவற்றைப் பொதுவாக எஸ்ஐவி என்பார்கள். மேற்கு ஆப்பிரிக்காவில் மட்டும் அதிகம் காணப்படும் எச்ஐவி-2, சூட்டி மங்கபே என்ற குரங்கிலிருந்து வந்தது என்று 1989 வாக்கிலேயே தெரிந்துவிட்டது. உலகம் முழுக்கப் பரவி கோடிக்கணக்கானவர்களைக் கொன்ற எச்ஐவி-1 எங்கிருந்து வந்தது என்பதுதான் விடுபட்டு நின்றது.

காபோன் நாட்டில் வளர்க்கப்பட்ட இரண்டு சிம்பன்சிகளில் வைரஸ் ஆய்வாளர் மார்ட்டின் பீட்டர்ஸின் குழுவினர் எச்ஐவி-1-ஐப் போன்ற வைரஸைக் கண்டிருந்தார்கள். பெல்ஜியத்தின் ஆண்ட்வெர்ப் நகருக்குக் கொண்டுவரப்பட்ட இன்னொரு சிம்பன்சியிலும் ஒன்று கிடைத்தது. ஆனால் இந்த மூன்றாவது, மற்ற இரண்டிலிருந்தும் எச்ஐவி-1-லிருந்தும் வெகுவாக விலகி நின்றது. மூன்றே மாதிரிகள், அதிலும் ஒன்று ஒத்துப்போகவில்லை. சிம்பன்சிக்கு இது இயற்கையான தொற்றா, அல்லது சிம்பன்சியும் மனிதனும் வேறேதோ குரங்கிடமிருந்து தனித்தனியாக வாங்கிக்கொண்டதா என்று சந்தேகம் எழுந்தது. நியாயமான சந்தேகம்தான்.

மர்லினின் திசு நான்காவது மாதிரி. அதிலிருந்து ஹானின் குழு வைரஸின் மரபெழுத்துகளைப் படித்தது. அது காபோன் வைரஸ்களோடும் எச்ஐவி-1-ஓடும் சேர்ந்தது. அப்புறம் அவர்கள் செய்த வேலைதான் முக்கியம். வைரஸோடு நிறுத்தாமல், அதைச் சுமந்த சிம்பன்சிகளின் தாய்வழி மரபணுவையும் படித்தார்கள். சிம்பன்சிகளில் துணையினங்கள் உண்டு: மேற்கு, நைஜீரியா–கேமரூன், மத்திய, கிழக்கு என்று. மர்லினும் காபோன் சிம்பன்சிகளும் மத்திய ஆப்பிரிக்கத் துணையினம். ஆண்ட்வெர்ப் சிம்பன்சி கிழக்குத் துணையினம். முடிச்சு அவிழ்ந்தது. வைரஸ் சிம்பன்சிகளோடு நெடுங்காலம் வாழ்ந்து, துணையினம் பிரிந்த வழியில் தானும் பிரிந்திருக்கிறது. மனிதனுக்கு வந்தது மத்திய ஆப்பிரிக்கக் கிளையிலிருந்து.

1999 ஜனவரி கடைசியில் சிகாகோ மாநாட்டில் ஹான் இதை அறிவித்தார். சில நாட்களில் ‘நேச்சர்’ இதழில் கட்டுரை வந்தது. உலகம் முழுக்கச் செய்தி. ஆனால் அதில் ஒரு பலவீனம் இருந்தது. நான்கு சிம்பன்சிகளும் கூண்டில் இருந்தவை. காட்டில் சுதந்திரமாகத் திரியும் சிம்பன்சி ஒன்றிடம்கூட இந்த வைரஸை யாரும் பார்த்ததில்லை. காட்டில் இருக்கிறதா, எந்தக் காட்டில், எத்தனை சிம்பன்சிகளுக்கு? இந்தக் கேள்விகளுக்குப் பதில் இல்லாமல் கதை முழுமையாகாது.

காட்டுச் சிம்பன்சியிடம் ரத்தம் கேட்பது எப்படி?

கேட்க முடியாது. அவ்வளவுதான். சிம்பன்சி அழிவின் விளிம்பில் உள்ள இனம். மயக்க ஊசி ஏந்திய அம்பை எய்தால் மரத்தின் உச்சியிலிருந்து விழுந்து சாகலாம். மனிதர்களைப் பார்த்தாலே ஓடிவிடும் கூட்டங்களை நெருங்கவே முடியாது. பழகிப்போன கூட்டங்கள் சில இருக்கின்றன. தான்சானியாவின் கோம்பேயில் சிம்பன்சி ஆய்வாளர் ஜேன் குடால் 1960-இல் தொடங்கிய ஆய்வில் ஒவ்வொரு சிம்பன்சிக்கும் பெயரும் குடும்ப வரலாறும் உண்டு. அங்கே போய் ஊசியைத் தூக்கினால், பல்லாண்டுகளாக விலங்குகள் மனிதர்மேல் வைத்த நம்பிக்கை ஒரே நாளில் போய்விடும்.

ஆக, சிம்பன்சி தானாகவே விட்டுச்செல்வதைத்தான் எடுக்க வேண்டும். சிறுநீரும் மலமும். வைரஸ் தொற்றியிருந்தால் ஆன்டிபாடிகள் சிறுநீரில் வெளியேறும், மலத்திலும் ஓரளவு இருக்கும். வைரஸின் மரபுச்செய்தியைத் தாங்கிய ஆர்என்ஏ துணுக்குகளும் மலத்தில் கிடைக்கலாம். யோசனை எளிமையானது. செய்து காட்டுவதுதான் கஷ்டம். ஆர்என்ஏ என்பது சீக்கிரம் சிதையும் பொருள். வெப்பமண்டலக் காட்டின் சூட்டிலும் ஈரத்திலும், பாக்டீரியா நிறைந்த மலத்தில் அது எவ்வளவு நேரம் தாங்கும்? ஃப்ரீசரைக் காட்டுக்குள் தூக்கிக்கொண்டு போக முடியாது.

விடை ஒரு பாதுகாப்புக் கரைசலில் கிடைத்தது. அம்மோனியம் சல்பேட் அடர்த்தியாகக் கலந்த இந்தக் கரைசலில் மலத்தைப் போட்டு வைத்தால், குளிர்பெட்டி இல்லாமலே ஆர்என்ஏ தாக்குப்பிடித்தது. சிறுநீர்ச் சோதனை இன்னும் கூர்மையானது, ஆனால் மரத்தின் மேலிருந்து விழும் சிறுநீரைப் பிடிக்க விலங்குக்குக் கீழேயே நிற்க வேண்டும். பழகாத கூட்டங்களிடம் அது நடக்காது. மலத்தைச் சிம்பன்சி போன பிறகு, அது படுத்து எழுந்த கூட்டுக்கு அடியில் பொறுக்கிக்கொள்ளலாம். எனக்கு இந்த இடம் மிகவும் பிடிக்கும். நோபல் பரிசுக்கான போட்டி நடந்த ஆய்வகத்தில் மரபணுக்களைப் பிரதியெடுத்த ஒருவர், பதினைந்து ஆண்டு கழித்து, மலத்திலிருந்து சிதையாத ஆர்என்ஏவை எடுப்பது எப்படி என்று மல்லுக்கட்டியிருக்கிறார். கேள்வி எந்த இடத்துக்கு இழுத்துப்போனதோ அந்த இடத்துக்குத் தயங்காமல் போனார்.

மலத்தில் இன்னொரு வசதியும் இருந்தது. அதில் சிம்பன்சியின் குடல் செல்களும் இருக்கும். அவற்றின் மரபணுவைப் படித்தால் இது சிம்பன்சியா கொரில்லாவா, எந்தத் துணையினம், ஆணா பெண்ணா, நேற்று எடுத்த மாதிரியும் இன்று எடுத்ததும் ஒரே விலங்குடையதா என்பதுகூடத் தெரிந்துவிடும். ஒரு விலங்கைக் கண்ணால் பார்க்காமலேயே அதற்கு ஓர் அடையாள அட்டை எழுதிவிடலாம்.

முதல் பலன் 2002-இல். கோட் டிவாரின் தாய் காடு, உகாண்டாவின் கிபாலே, தான்சானியாவின் கோம்பே ஆகிய இடங்களில் சோதித்ததில், கோம்பேயின் ஆண் சிம்பன்சி ஒன்றிடம் தொற்று இருந்தது. காட்டில் வாழும் சிம்பன்சி ஒன்றில் இந்த வைரஸ் உறுதியானது அதுதான் முதல் முறை.

கேமரூன்: மரம் மண்ணைத் தொட்ட இடம்

கோம்பே சிம்பன்சிகள் கிழக்குத் துணையினம். மனிதனின் எச்ஐவி-1 வந்த கிளை அங்கே இருக்காது. தேட வேண்டிய இடம் மத்திய ஆப்பிரிக்கா. பிரான்சின் மோன்பெல்லியேவில் இருந்த மார்ட்டின் பீட்டர்ஸும், பரிணாம மரங்களை வரைவதில் கைதேர்ந்த பால் ஷார்ப்பும், கேமரூன் ஆய்வாளர்களும் ஹானோடு சேர்ந்தார்கள். தெற்குக் கேமரூனின் காடுகளில் பத்து இடங்களில் உள்ளூர்த் தடம் பார்ப்பவர்கள் மலம் சேகரித்தார்கள். காட்டைப் படிக்கத் தெரிந்த அந்த மனிதர்கள் இல்லாமல் இந்த ஆய்வில் ஒரு வரிகூட எழுதியிருக்க முடியாது. அவர்களைப் பற்றிச் செய்திகளில் எவ்வளவு குறைவாக வந்தது என்பது எனக்கு உறுத்தலாகவே இருக்கிறது.

2006-இல் முடிவு வெளியானது. சில கூட்டங்களில் மூன்றில் ஒரு சிம்பன்சிக்குத் தொற்று இருந்தது. சில கூட்டங்களில் துளியும் இல்லை. எச்ஐவி-1-இல் எம், என், ஓ, பி என்று நான்கு குழுக்கள் உண்டு. ஒவ்வொரு குழுவும் ஒரு தனித் தாவல், அதாவது விலங்கிலிருந்து மனிதனுக்கு வைரஸ் வந்த தனித்தனி நிகழ்வு. இவற்றில் உலகம் முழுக்கப் பரவியது எம். அதற்கு மிக நெருங்கிய வைரஸ்கள் கேமரூனின் தென்கிழக்கு மூலையில் வாழும் சிம்பன்சிகளிடம் கிடைத்தன. ‘என்’ (N) குழுவின் வேர் அங்கிருந்து மேற்கே, தென்-மத்தியக் கேமரூனில் இருந்தது. அதே ஆண்டு, சிம்பன்சி மலத்தோடு சேர்ந்து வந்த கொரில்லா மாதிரிகளில் இன்னொரு வைரஸ் கிடைத்தது. ஓ, பி குழுக்கள் கொரில்லாக்களிடமிருந்து வந்தவை என்பது பிற்பாடு, 2015-இல் உறுதியானது.

தென்கிழக்குக் கேமரூனிலிருந்து சங்கா ஆறு காங்கோ ஆற்றில் போய்ச் சேர்கிறது. காங்கோ ஆறு கின்ஷாசாவுக்குப் போகிறது. மனிதரில் கிடைத்த மிகப் பழைய எச்ஐவி-1 ரத்த மாதிரி 1959-இல் கின்ஷாசாவில் எடுக்கப்பட்டது. அந்த மாதிரியையும் 1960-இல் எடுத்த இன்னொன்றையும் வைத்து பரிணாம உயிரியலாளர் மைக்கேல் வோரோபி 2008-இல் கணக்கிட்டபோது, எம் குழுவின் பொது மூதாதை ஏறக்குறைய 1908 வாக்கில் இருந்திருக்க வேண்டும் என்று வந்தது. வேட்டையாடிய சிம்பன்சியை அறுக்கும்போது அதன் ரத்தம் கையிலிருந்த காயத்தில் பட்டு வைரஸ் வந்திருக்கும் என்பதுதான் பரவலாக ஏற்கப்படும் விளக்கம். ஆப்பிரிக்கர்களை இழிவுபடுத்தும் அருவருப்பான கதைகள் இதைப்பற்றி நம் ஊர்வரை உலவியிருக்கின்றன. அவற்றுக்கு எந்த ஆதாரமும் கிடையாது.

இங்கே நம்மைத் தொடும் ஓர் இழை உண்டு. 1986-இல் சென்னையில் மருத்துவர் சுனிதி சாலமனும் அவருடைய மாணவி நிர்மலாவும் இந்தியாவில் முதன்முதலாக எச்ஐவி தொற்றைக் கண்டறிந்தார்கள். இந்தியாவில் பெரும்பாலும் பரவியிருப்பது எம் குழுவின் சி வகை. சங்கா ஆற்றோரக் காட்டில் கண்டெடுத்த வேரின் கிளைதான் அதுவும்.

இதற்கு நடுவே ஒரு தவறான கருத்தையும் அகற்ற வேண்டியிருந்தது. ஐம்பதுகளில் காங்கோவில் கொடுத்த போலியோ சொட்டு மருந்தில் சிம்பன்சி வைரஸ் கலந்து எய்ட்ஸ் வந்தது என்ற வாதம் தொண்ணூறுகளில் பலமாக எழுந்தது. புகழ்பெற்ற பரிணாம உயிரியலாளர் வில்லியம் ஹாமில்டன் இதைச் சோதிக்க 2000-இல் காங்கோ காட்டுக்கே போனார். அங்கே மலேரியா பிடித்து, லண்டன் திரும்பிய சில வாரங்களில் இறந்துபோனார். அவரோடு போயிருந்த வோரோபி விடவில்லை. காங்கோவின் கிசங்கானி பகுதிச் சிம்பன்சிகளின் வைரஸை ஹானின் குழுவோடு சேர்ந்து படித்து, அது மனித எச்ஐவி-1-இன் கிளையே இல்லை என்று 2004-இல் காட்டினார்கள். தடுப்பு மருந்தின்மேல் விழுந்த ஒரு பழி நீங்கியது.

சிம்பன்சிக்கு நோய் வருமா?

வராது என்றுதான் எல்லோரும் நம்பினார்கள். நம்பியதற்குக் காரணமும் இருந்தது. சூட்டி மங்கபே போன்ற குரங்குகள் எஸ்ஐவியைச் சுமந்தும் நோயில்லாமல் வாழ்கின்றன. எண்பதுகளில் நூற்றுக்கும் மேற்பட்ட சிம்பன்சிகளுக்கு ஆய்வகத்தில் எச்ஐவி-1-ஐச் செலுத்திப் பார்த்தார்கள். கிட்டத்தட்ட எதற்குமே எய்ட்ஸ் வரவில்லை. சரி, சிம்பன்சி இந்த வைரஸோடு சமாதானமாகிவிட்டது என்று முடிவு கட்டிவிட்டார்கள்.

மலமுறையின் பொறுமை இங்கே பலன் கொடுத்தது. கோம்பேயில் ஒன்பது ஆண்டுகளாக ஒவ்வொரு சிம்பன்சியின் மாதிரியையும் திரும்பத் திரும்ப எடுத்துவந்தார்கள். ஆன் பியூசி போன்ற சிம்பன்சி ஆய்வாளர்கள் பாதுகாத்த பல பத்தாண்டுப் பிறப்பு இறப்புக் குறிப்புகள் ஏற்கெனவே கையில் இருந்தன. இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தபோது 2009-இல் வெளியான முடிவு துறையையே உலுக்கியது. வயது வித்தியாசத்தைக் கணக்கில் எடுத்த பிறகும், தொற்றுள்ள சிம்பன்சி இறக்கும் அபாயம் தொற்றில்லாததைவிட 10 முதல் 16 மடங்கு அதிகம். தொற்றுள்ள பெண்கள் குட்டி ஈனுவது குறைவு. ஈன்றாலும் குட்டிகள் அதிகம் இறந்தன. இறந்த சிம்பன்சிகளின் திசுக்களைப் பார்த்ததில், தொற்றிருந்த மூன்றிலும் எதிர்ப்புச் சக்திக்கு அடிப்படையான சிடி4 செல்கள் அழிந்திருந்தன. மனிதரில் எய்ட்ஸ் அழிப்பதும் அதே செல்களைத்தான்.

இந்த 2009 ஆய்வைத்தான் நான் அவருடைய பணியில் மிகப் பெரியதாக மதிக்கிறேன். அதற்கு முன்னால் வரை சிம்பன்சி, மனித நோயின் ‘மூலம்’ மட்டுமே. இப்போது அதுவும் ஒரு நோயாளி ஆனது. கோம்பேயின் காலாண்டே கூட்டம் வேகமாகச் சுருங்கிக்கொண்டிருந்தது. அங்கே ஏறக்குறைய பாதிச் சிம்பன்சிகளுக்குத் தொற்று இருந்தது என்று அடுத்த ஆண்டு தெரிந்தது. கூண்டில் நூறு சிம்பன்சிகளுக்கு வைரஸ் செலுத்தியும் புலப்படாத உண்மை, ஒரு சிம்பன்சியைக்கூடத் தொடாமல் காட்டில் புலப்பட்டது. அந்த நூறும் என்னத்துக்கு என்ற கோபம் எனக்கு வருகிறது. அமெரிக்க தேசியச் சுகாதார நிறுவனங்கள் சிம்பன்சிகள்மீது இப்படிப்பட்ட ஆய்வுகளுக்கு ஆதரவளிப்பதை 2015-இல் முற்றிலும் நிறுத்தின.

அதே மலத்தில் மலேரியா

எச்ஐவிக்காகச் சேர்த்த ஆயிரக்கணக்கான மாதிரிகள் உறைநிலையில் இருந்தன. அவற்றில் மலேரியா ஒட்டுண்ணியின் மரபணுவும் இருக்குமா? இருந்தது. மலேரியாக்களில் உயிருக்கு மிக ஆபத்தான ஃபால்சிபாரம் எங்கிருந்து வந்தது என்பதில் அப்போது குழப்பம். சிம்பன்சியிடமிருந்து என்று 2009-இல் ஒரு குழு சொன்னது. ஆனால் பல ஒட்டுண்ணிகள் ஒரே விலங்கில் கலந்திருக்கும்போது, மரபணுவைப் பல பிரதிகளாகப் பெருக்கும் வழக்கமான பிசிஆர் முறை இரண்டின் துண்டுகளை ஒட்டி, இல்லாத ஒன்றை உருவாக்கிக் காட்டிவிடும். ஹானின் குழு மாதிரியை மிகமிக நீர்த்துப்போகச் செய்து, ஒரு குழாயில் ஒரே ஒரு மரபணுப் பிரதி இருக்கும்படி பிரித்துப் படித்தது. எச்ஐவி ஆய்வில் கைவந்த நுட்பம் இங்கே உதவியது.

ஏறக்குறைய 3,000 மாதிரிகள். 2010-இல் விடை: ஃபால்சிபாரம் மேற்குக் கொரில்லாக்களிடமிருந்து வந்தது, அநேகமாக ஒரே ஒரு தாவலில். 2014-இல் இன்னொரு வகையான வைவாக்ஸ் மலேரியாவும் ஆசியக் குரங்கிடமிருந்து வந்ததல்ல, ஆப்பிரிக்காவில் தொடங்கியது என்று காட்டினார்கள். சென்னையில் மலேரியா என்றால் பெரும்பாலும் இந்த வைவாக்ஸ்தான்.

2011-இல் ஹான் பென்சில்வேனியா பல்கலைக்கழகத்துக்கு மாறினார். 2012-இல் அமெரிக்கத் தேசிய அறிவியல் கழகத்தில் உறுப்பினரானார். வேலை நிற்கவில்லை. சிம்பன்சி, கொரில்லாக்களின் மலேரியா ஒட்டுண்ணிகள் இன்றும் மனிதருக்குத் தாவிக்கொண்டிருக்கின்றனவா என்பதுதான் பொதுச் சுகாதாரத்துக்கு அவசரமான கேள்வி. காடு ஒட்டி வாழும் தெற்குக் கேமரூன் மக்களின் ரத்தத்தை 2013-இல் சோதித்ததில் அப்படி ஒரு தொற்றும் கிடைக்கவில்லை. பின்னே ஃபால்சிபாரம் மட்டும் எப்படித் தாண்டியது? சிம்பன்சி ஒட்டுண்ணிகளின் முழு மரபணுத் தொகுதிகளைப் படித்தபோது 2016-இல் ஒரு தடயம் கிடைத்தது. சிவப்பணுவுக்குள் நுழைய உதவும் ஆர்ஹெச்5 என்ற மரபணு அடங்கிய ஒரு பகுதி, இன்னொரு கொரில்லா ஒட்டுண்ணியிடமிருந்து ஃபால்சிபாரத்தின் மூதாதைக்குத் தாவி வந்திருக்கிறது. மனிதனுக்குள் நுழைய அது ஒரு சாவியாக இருந்திருக்கலாம். இன்று ரத்தநிலை மலேரியா தடுப்பூசிக்கு ஆய்வாளர்கள் முயன்றுவரும் இலக்குகளில் முன்னணியில் இருப்பதும் அதே ஆர்ஹெச்5 புரதம்தான்.